விரல் நுனியின் நோவு



ஞாயிறு பூசைக்குப் பின் வாலிபப் பிள்ளைகள் கிட்டார் பழகுகிறார்களே, அந்தச் சத்தத்துக்கு உங்களில் சிலர் முகஞ்சுளிக்கிறீர்கள். இனிமையாயிராதுதான். எஃகுத் தந்தியை அழுத்தும் விரல் நுனி முதல் சில வாரம் நோகும். தோல் தடித்த பிறகே தணியும். அநேகம் பிள்ளைகள் வாத்தியத்தை மூலையில் சாத்திவிடுவது இந்த வாரங்களிலேதான். அப்போது வீட்டில் "உனக்கேன் இது?" என்ற ஒரு சொல் போதும்.

ஆறு தந்திகளையும் சுருதி கூட்டவே பாதி நேரம் போய்விடுகிறது. பிறகு இரண்டு விரலால் பிடிக்கும் ஈ மைனர். ஒரு பிடியிலிருந்து மறு பிடிக்கு மாறுவதுதான் பெரும்பாடு. இடது கை தடுமாறினாலும் வலது கை தாளத்தை நிறுத்தலாகாது. நிறுத்தினால் கூட்டமே குழம்பிப்போகும். கைதேர்ந்தவன் பின்தங்கினவனுக்காக மெதுவாய் வாசிக்கிறான். ஞானோபதேச வகுப்பில் இதைக் கற்பிக்க நாம் எவ்வளவு பிரயாசைப்படுகிறோம்!

கிட்டார் கோவிலுக்கு ஆகுமா என்கிறீர்களோ? 1818-ம் வருஷம், கர்த்தர் பிறந்த திருநாளுக்கு முந்தின இரவு, ஆஸ்திரியா தேசத்து ஓபர்ன்டார்ஃப் கோவிலில் ஜோசப் மோர் சுவாமியார் கிட்டார் வாசிக்கத்தான் 'சைலன்ட் நைட்' கீதம் முதன்முதல் பாடப்பட்டது.

இந்த வாரம் பிள்ளை வீட்டில் பழகும்போது, தயவுசெய்து கதவைச் சாத்தச் சொல்லாதேயுங்கள்.