முயலின் சாட்சியம்

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் இதே ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், கே. அழகர்சாமி சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். ஓட்டில் கடைந்த உருண்டையைச் சிப்பியின் உடலைக் கீறி உள்ளே வைக்கும் முறை. உருண்டை மட்டும் போதாது. இன்னொரு சிப்பியின் மேலுறைச் சதையில் ஒரு துண்டு வெட்டி அதோடு ஒட்டிவைக்க வேண்டும். அந்தச் சதைதான் வளர்ந்து, உருண்டையைச் சூழ்ந்து, முத்தாகச் சுரக்கிறது. (மணல் உறுத்திச் சிப்பி வடிக்கும் கண்ணீர் என்ற நம் கவிஞர்களின் உவமை இதில் அடிபட்டுப்போகிறது. போகட்டும்.)

ஆர்.என்.ஏ. பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த ஒட்டுவேலை ஞாபகம் வந்தது. ஆர்.என்.ஏ.யின் அடினைன் என்ற எழுத்தின் மேல் சில இடங்களில் மெத்தில் என்ற சின்ன ரசாயனப் புள்ளி உட்கார்ந்திருக்கிறது. சொல் மாறுவதில்லை, அந்தச் செய்தி எவ்வளவு காலம் பிழைத்திருக்கும் என்பது மாறிவிடுகிறது. 1974இல் தெரியவந்த விஷயம். எங்கெங்கே புள்ளி என்று பரவலாகப் பார்க்க முடிந்தது 2012இல்தான். பார்த்த கருவி ஓர் ஆன்டிபாடி. புள்ளிவைத்த எழுத்தைத் தனியாகச் செலுத்தினால் முயலின் உடம்பு அதைச் சட்டைசெய்யாது, அவ்வளவு சிறியது. பெரிய புரதம் ஒன்றோடு பிணைத்துச் செலுத்தினால் எதிர்ப்பு எழும். ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியைப் பிரித்து ஆர்.என்.ஏ. துணுக்குகளின் மேல் விட்டால், புள்ளி உள்ளதைப் பற்றிக்கொள்கிறது.

பற்றிக்கொள்வது அறிவதாகுமா? 2016இல் அடினைனின் வேறோர் இடத்தில் உட்காரும் மெத்திலைத் தேடியவர்கள், செய்திகளின் தொடக்கப் பகுதியில் அது ஏராளம் என்று கண்டார்கள். அங்கே அதற்கான ஆன்டிபாடி பற்றியதில் பெரும்பகுதி, ஒவ்வொரு செய்தியின் முனையிலும் தொப்பிபோல் இருக்கும் வேறொரு மெத்தில் எழுத்து என்று 2019இல் தெரிந்தது. ஆன்டிபாடி பொய் சொல்லவில்லை. சாயல் கண்ட இடத்தில் பற்றியது. சாட்சிக்கூண்டில் ஏற்றியது நாம்.

சில வருஷங்களுக்கு முன், துறைமுகச் சாலை டீக்கடையில் ஓர் இளைஞன் தன் கவிதைகளைக் கொடுத்தான். அவன் பேச்சில் ஒரு சொல்லின் இழுப்பு, அர்த்தத்தை மாற்றாத வெறும் இழுப்பு. அதிலேயே அவன் எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தெருவின் கடலாகவே கவிதைகளை வாசித்தேன். பாராட்டியும் எழுதினேன், கடலில் பிறந்தவனின் மொழி என்று. ஒரு தபால் கார்டு வந்தது. 'அண்ணாச்சி, அது கடல் இல்லை. எங்க ஊர்க் கண்மாய்.' விளாத்திகுளம் பக்கத்துக்காரன். நாலு வருஷம் இங்கே உப்பளத்தில் கணக்கு எழுதியதில் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாராட்டில் என்ன குற்றம் என்று நண்பர்கள் கேட்டார்கள். வசவாக இருந்திருந்தாலும் அதே காதால்தான் கேட்டிருப்பேன். அந்த இழுப்பை எனக்கு யாரும் தனியாகச் சொல்லித்தரவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில், யாருக்கு எந்தச் செம்பில் தண்ணீர் என்பதோடு பிணைத்துத்தான் ஐந்து வயதில் எனக்குள் செலுத்தினார்கள். செம்புகள் போய்விட்டன; காது இருக்கிறது. ஆன்டிபாடி இல்லாமலே புள்ளியைக் காணும் ரசாயன வழிகள் இப்போது வந்திருக்கின்றன. எனக்கு அப்படி ஒன்று அகப்படவில்லை.

கவிதைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் கவிதையின் மூன்றாம் வரியிலேயே 'மடை' என்ற சொல் இருக்கிறது.