பரிவர்த்தனமும் கைங்கர்யமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மலர்க்குழுவினர் அடியேனையும் ஒரு கட்டுரை வரையும்படி பணித்தனர். தத்துவ விசாரம் செய்யும் அளவுக்கு அடியேனுக்கு ஞானம் போதாது. ஆயினும், நோயாளி ஒருவர் வேதனையுற்றுக் கிடக்கும்போது, 'அது அவருடைய கர்மபலன்' என்று சொல்லி நாம் விலகி நிற்கலாமா என்ற கேள்வி பல காலமாக நெஞ்சை உறுத்தி வருகிறது. அதனையே பெரியோர் திருமுன் வைக்கிறேன்.

எம்பெருமானுடைய திருத்துயிலைக் குறித்து மூன்று ஏகாதசிகள் சொல்லப்படுகின்றன. ஆஷாட மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசியன்று அவன் பள்ளிகொள்கிறான். அது சயன ஏகாதசி. கார்த்திக மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசியன்று துயிலெழுகிறான். அது உத்தான ஏகாதசி. இவ்விரண்டுக்கும் நடுவே பாத்ரபத மாதத்தில் வருவது பரிவர்த்தன ஏகாதசி. அன்று எம்பெருமான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பிச் சயனிக்கிறான் என்பது ஐதிகம். பாடசாலையில் பயின்ற நாளில், "ஸர்வசக்தனுக்குப் புரண்டு படுக்கவேண்டிய அவசியம் என்ன?" என்று அடியேன் கேட்டேன். ஆசிரியர் சிரித்துவிட்டு மேலே பாடத்தைத் தொடர்ந்தார். அந்தக் கேள்வி மீண்டும் நினைவுக்கு வர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

சில ஆண்டுகளுக்கு முன் அடியேனுடைய தாயார் பக்ஷவாதத்தால் வீழ்ந்தார். வலப்பக்கம் முழுவதும் அசைவும் உணர்வும் அற்றுப்போயின. அடியேன் பொழுது விடியுமுன்பே விச்வரூப ஸேவைக்காகத் திருக்கோயிலுக்குச் சென்றுவிடுவேன். திருவாராதனம் முடிந்து திரும்ப உச்சிப்பொழுதாகும். மாலையில் மறுபடியும் ஸந்நிதி. அம்மாவுக்கு வேண்டியவற்றை அடியேனுடைய தர்மபத்தினி ஒருத்தியே கவனித்து வந்தாள். வேளை தவறாமல் ஆகாரமும் மருந்தும் சென்றன. குறையொன்றும் இல்லை என்றே எண்ணியிருந்தோம்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்த செவிலி அம்மாள், தாயாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைப் பார்த்தார். முதுகெலும்பின் அடியில் உள்ளங்கையளவு புண் ஒன்று ஆழமாக இருந்தது. அடியேனுக்குத் தலை சுற்றியது. "ஏனம்மா சொல்லவில்லை?" என்று கதறினேன். "வலிக்கவே இல்லையேடா குழந்தே, வலிச்சால்தானே சொல்றதுக்கு?" என்றார் அம்மா. செவிலி அம்மாள் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இராத்திரியில் எத்தனை தடவை திருப்பிவிடுகிறீர்கள், ஸ்வாமி?" என்று மட்டும் கேட்டார். பெருமாளுக்கு எந்த நாழிகையில் எந்த உபசாரம் என்று உறக்கத்தில் கேட்டாலும் பிழையின்றிச் சொல்லக்கூடிய அடியேனிடத்தில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை.

அப்போது அவர் விளக்கியதையும், பின்னர் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே கூறுவது அவசியம். நல்ல உடம்பு உறக்கத்திலும் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது. ஒரே இடத்தில் பாரம் தங்கினால், எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே சதை நசுங்குகிறது. அங்குள்ள நுண்ணிய நாளங்களில் இரத்தம் ஓடாது நின்றுபோகிறது. உணர்வுள்ளவனை அந்த உறுத்தல் புரண்டு படுக்கச் செய்கிறது. உணர்வு அற்றவனுக்கோ, அசைய இயலாதவனுக்கோ அந்த ரக்ஷை இல்லை. சில மணி நேரத்திலேயே சதை மடியத் தொடங்குகிறது. முதுகின் அடி, இடுப்பின் இரு புறம், குதிகால், கணுக்கால், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களில்தான் இது பெரும்பாலும் தோன்றும். மேலே சிறு சிவப்பாகத் தெரியும்போதே உள்ளே பெருங்கேடு விளைந்திருக்கக்கூடும். புண் எலும்புவரை சென்று, விஷம் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே அபாயம். வேதனை என்று நாம் வெறுக்கும் அதுவே உறங்கும் வேளையிலும் நம்மைக் காத்துவந்த காவலன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் இல்லத்துக்கு வந்த உறவினர் ஒருவர், சாஸ்திரம் கற்றவர், "ப்ராரப்தம், அநுபவித்தே தீரவேண்டும். நாம் என்ன செய்ய முடியும்?" என்றார். அடியேனைத் தேற்றுவதற்காகவே சொன்னார். ஆனால் மனம் தேறவில்லை. பக்ஷவாதம் ப்ராரப்தம் என்றே கொள்வோம். அந்தப் புண்? அது தாயாருடைய வினையா, மகனுடைய மறதியா? பூர்வ கர்மத்தை ஆராய அடியேனுக்கு அதிகாரம் இல்லை. இரவில் ஒரு தடவையும் எழுந்து பார்க்கவில்லை என்பதோ ஆராய்ச்சியே தேவையில்லாத உண்மை. பிறருடைய கர்மத்தைப் பேசும்போது நம்முடைய கடமையை மறைக்க ஒரு திரை கிடைத்துவிடுகிறது என்பதை அன்று கண்டுகொண்டேன்.

வராஹப் பெருமாள் பூமிப்பிராட்டிக்கு அருளிய சரம ச்லோகத்தின் தாத்பர்யத்தை நம்மில் அறியாதார் இல்லை. உடலும் உள்ளமும் நலமாயிருக்கும்போது தன்னை நினைத்த பக்தன், அந்திமத்தில் கட்டையும் கல்லும் போல நினைவிழந்து கிடப்பானாகில், அவனுக்காகத் தானே நினைத்து நற்கதிக்கு அழைத்துச் செல்வதாக எம்பெருமான் வாக்களிக்கிறான். நினைக்க இயலாதவனுக்காகப் பிறரொருவர் நினைப்பதே இங்கு ரக்ஷணமாகிறது. ஜீவனின் கதியை அவன் பார்த்துக்கொள்கிறான். ஆனால் கட்டைபோல் கிடக்கும் அந்தச் சரீரத்தை, உயிர் பிரியும் வரையில், யார் நினைப்பது? அருகிலிருக்கும் நாம் நினைக்கவேண்டும் என்பதே அவன் திருவுள்ளமாக இருக்கும் என்பது அடியேனுடைய துணிபு.

நம் பூர்வாசாரியர்கள் இதை வாழ்ந்தே காட்டினர். ஆளவந்தாருக்கு ராஜபிளவை என்னும் கொடிய புண் கண்டபோது, மாறனேர் நம்பி அதனை ஆசாரிய ப்ரஸாதமாகத் தமக்குத் தரும்படி வேண்டிப் பெற்றார் என்று குருபரம்பரை கூறும். அந்த மாறனேர் நம்பி பரமபதித்தபோது, குலத்தைப் பாராது பெரிய நம்பிகள் சரமகைங்கர்யம் செய்தார். கேட்டவர்களுக்கு, ஜடாயுவுக்கு ஸ்ரீராமபிரான் செய்ததையே எடுத்துக் காட்டினார். பிறருடைய புண்ணைக் கண்டு, 'அவர் வினை' என்று அந்த மகான்கள் ஒதுங்கி நிற்கவில்லை.

இனி, இந்தத் தொண்டு உலகில் வளர்ந்த வரலாற்றையும் சிறிது கூறவேண்டும். முதுகுத்தண்டு முறிந்தவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த்தொற்றாலும் மடிவது முன்னாளில் மிகச் சாதாரணம், வைத்தியர்களே கைவிட்டுவிடுவார்கள். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மான் என்னும் யூத மருத்துவர், 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், காயமுற்ற போர்வீரர்களின் சிகிச்சைப் பொறுப்பை ஏற்றார். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் திருப்பிவிட வேண்டும் என்று அவர் விதித்தார். சாகக் கிடந்தவர்கள் பிழைத்தெழுந்தார்கள். மருந்தைக் காட்டிலும் நேரம் தவறாத மனிதக் கை செய்த அதிசயம் அது.

நமது நாட்டிலும் அதற்கு ஈடான ஒரு தொண்டு உண்டு. அடியேன் இல்லத்துக்கு வந்த செவிலி அம்மாள் பயிற்சி பெற்றது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை அது. அங்கு பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் பெண்மணி 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. பாரத அரசு 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர்கள் நெறி வேறு, நம் நெறி வேறு. ஆயினும் தாம் கிடந்த படுக்கையிலிருந்து பிறர் படுக்கையை நினைத்த அந்த உள்ளத்தை வணங்காதிருக்க அடியேனால் இயலவில்லை.

அங்கே சிகிச்சை பெற்றவர்களை வீட்டுக்கு அனுப்பியதோடு விட்டுவிடுவதில்லை. ஆண்டுதோறும் மறுவாழ்வு மேளா என்று ஒன்று கூட்டி, முன்பு சிகிச்சை பெற்றுச் சென்றவர்களைப் பல ஆண்டுகளாக மீண்டும் அழைத்து வந்திருக்கிறார்கள். உடம்பைச் சோதிப்பதும் அங்கே உண்டு. ஆட்டமும் பாட்டும் உண்டு. நாம் ஆண்டுக்கொரு முறை எம்பெருமானை ஸேவிக்க வருகிறோம். அவர்கள் தங்களை மறவாதவர்களைக் காண வருகிறார்கள். ஆண்டுக்கொரு நாள் அங்கே பார்க்கப்படுவது, மற்ற நாட்களிலெல்லாம் வீட்டில் ஒருவர் பார்த்தாரா என்பதன் கணக்குதான்.

வீட்டில் செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. படுத்த படுக்கையாக உள்ளவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றவேண்டும். மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதன்படி செய்க. இழுத்து நகர்த்தாமல் இருவராகத் தூக்கித் திருப்புவது நலம். இழுத்தால் தோல் கிழியும். கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாதபடி செய்யவேண்டும். நாற்காலியில் அமர்ந்தே இருப்பவர் இன்னும் அடிக்கடி உடம்பை எழுப்பிப் பாரத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். ஈரம் தங்கலாகாது. விரிப்பில் சுருக்கம் இருத்தல் ஆகாது. பருப்பும் பாலும் போன்ற புஷ்டியான ஆகாரம் வேண்டும். நாள்தோறும் எலும்பு மேடுகளைப் பார்க்கவேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காவிட்டால் அது முதல் எச்சரிக்கை. கருநிறத் தோலில் சிவப்புத் தெரியாதாகையால் சூடும் கடினமும் உண்டா என்று தொட்டுப் பார்க்கவேண்டும். அவ்விடத்தைத் தேய்த்துவிடலாகாது, மறுபடியும் அதன்மேல் படுக்கவைக்கவும் ஆகாது. நடுவில் துளையுள்ள வளையத் திண்டு நன்மை செய்யாது. காற்று மெத்தை உதவும். ஆனால் திருப்பிவிடும் கைக்கு அது ஈடாகாது. புண் கண்டுவிட்டால் கைவைத்தியத்தில் காலம் கழிக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இங்கே ஒன்று கூறாவிடில் அபசாரமாகும். படுக்கைப் புண் வந்த வீடுகளையெல்லாம் அலட்சியம் செய்த வீடுகள் என்று எண்ணிவிடக் கூடாது. எவ்வளவு பேணியும் சிலருக்கு வருவதுண்டு. பெரும்பாலும் ஒரு பெண்மணி, இரவு உறக்கமின்றி, தன் இடுப்பு நோவோடு தனியாளாக இதனைச் செய்துகொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டிலும் குறை அடியேனுடையதே. ஒருத்தி தலையில் அனைத்தையும் சுமத்திவிட்டு, ஸந்நிதியில் கைங்கர்யம் செய்வதாகத் திருப்தியடைந்திருந்தவன் அடியேன்தானே! அர்ச்சாவதாரத்தில் எம்பெருமான் அர்ச்சகனுக்குப் பரதந்திரனாக எழுந்தருளியிருக்கிறான். நீராட்டினால் நீராடுகிறான், அமுது செய்வித்தால் அமுது செய்கிறான். அடியேன் மறந்தாலும் அவன் திருமேனிக்கு நோவு இல்லை. அதேபோலப் பிறர் கையையே நம்பிக் கிடந்த தாயாருடைய திருமேனிக்கு நோவு உண்டு என்பதை மறந்தேன்.

அன்று முதல் வீட்டுச் சுவரில் ஒரு தாளை ஒட்டினோம். எந்த மணிக்கு எந்தப் பக்கம், திருப்பியவர் யார் என்று அதில் எழுதிவந்தோம். இரவு முறை அடியேனுடையது. அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவனும் மாலையில் வந்து கைகொடுத்தான். புண் ஆற ஐந்து மாதங்கள் ஆயின. அதன்பின் ஓராண்டுக்கு மேல் இருந்து, தாயார் புண்ணற்ற உடம்போடு ஆசாரியன் திருவடி சேர்ந்தார். அந்த இரவுகளில் ஒரு நாள் அவரைத் திருப்பிப் படுக்கவைத்துத் தலையணையைச் சரிசெய்யும்போதுதான் பாடசாலைக் கேள்வி நினைவுக்கு வந்தது. புரள வேண்டிய அவசியம் சிறிதும் இல்லாதவன் புரண்டு காட்டுவது, புரள இயலாதவர்களை நமக்கு நினைவூட்டத்தானோ என்று தோன்றிற்று. சாஸ்திரார்த்தம் இதுவே என்று சாதிக்க அடியேன் வரவில்லை. அன்றிரவு அடியேனுக்குக் கிடைத்த அர்த்தம் இது.

நித்ய பூஜையில் நேரும் குறைகளுக்குப் பரிஹாரமாக ஆண்டுதோறும் பவித்ரோத்ஸவம் நடத்துகிறோம். கிடக்கும் மனிதருக்கு நாம் செய்யும் மறதிக்கு அடுத்த இரண்டு மணி நேரத்தில் எழுந்து செல்வதைத் தவிர வேறு பரிஹாரம் அடியேனுக்குத் தெரியவில்லை. உத்ஸவம் ஸேவித்து வீடு திரும்பும் அன்பர்கள், தங்கள் இல்லத்திலோ தெருவிலோ படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால், ப்ரஸாதத்தோடு அவரிடம் செல்லுங்கள். துளஸி தீர்த்தம் கொடுத்தபின், அவரைக் கவனித்து வருபவரிடம், "இந்த வேளை நான் திருப்பிவிடுகிறேன், நீங்கள் சற்றுக் கண்ணயருங்கள்" என்று சொல்லுங்கள். பள்ளிகொண்ட பெருமாள் அதனையும் தன் திருவாராதனமாகக் கொண்டருள வேண்டும் என்று அவன் திருவடிகளில் ப்ரார்த்தித்து அமைகிறேன்.

சுபம்.

அடியேன், ராமாநுஜதாஸன்