நாள் முடிந்தது, பசி முடிந்ததா?

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். மானாவாரி நிலம், விதைப்பும் அறுப்பும் முடிந்தால் பல மாதங்கள் கைக்கு வேலையில்லை.

இத்தகையோர்க்கென 2005இல் வந்தது ஊரக வேலை உறுதிச் சட்டம். குடும்பத்திற்கு ஆண்டில் 100 நாள் வேலை. கேட்ட 15 நாளில் வேலை தராவிடில் வேலையில்லாப் படி. முதல் 30 நாளுக்குக் கூலியில் காற்பங்கும், அப்பால் அரைப்பங்கும் குறையாமல் வழங்க வேண்டும். ஆனால் 100 நாள் வேலை நிறைந்துவிட்டால் படி கேட்கும் உரிமையும் அந்த ஆண்டுக்கு அற்றுவிடும். வன உரிமை நிலமன்றி வேறு சொத்தில்லாத பழங்குடியினர்க்கு 2014இல் மேலும் 50 நாள் சேர்ந்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய மாற்றுச் சட்டம் 100ஐ 125 ஆக்கியது. எண் வளர்ந்தது, எண்ணோடு உதவி நிற்பது மாறவில்லை.

எல்லையில்லா உதவி சோம்பலை வளர்க்காதா என்பர் சிலர். தள்ளத்தக்க கேள்வியன்று. உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் போர்வையையும் கிண்ணத்தையும் இரண்டு திர்ஹத்திற்கு விற்று, ஒன்றுக்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்து, விறகு வெட்ட அனுப்பினார்கள் நபிகள் நாயகம் (ஸல்). பதினைந்து நாள் கழித்து அவர் பத்துத் திர்ஹத்துடன் வந்தார். உழைப்பின் உயர்வுக்காகவே இவ்வரலாற்றைப் பல்லாண்டு மாணவர்க்குப் போதித்தேன். அந்தப் பதினைந்து நாளை எண்ணிப் பார்த்ததில்லை. அது கதவடைக்கும் தவணையன்று. மனிதரின் நிலை மாறியதா எனக் காணும் தவணை.

இன்னொன்றும் உண்டு. அவருடைய கோடரிக்கு விறகு கிடைத்தது. விறகுக்குச் சந்தை இருந்தது. சித்தேரியாரின் கோடரிக்கு? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் எனக் காவல்துறை கூறிய 20 தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சித்தேரி மலையினரும் அவர்களுள் இருந்தனர். உழைக்க மறுத்த சோம்பேறிகள் அத்தனை தொலைவு போவதில்லை.

ஆதலால் உதவிக்குத் தவணை இருக்கட்டும். தவணை முடியும் நாளில் ஏட்டை மூடாமல் ஆளைப் பார்க்க வேண்டும். வேலை கிடைத்தவர்க்கு நிறுத்துக. தேடியும் கிடைக்காதவர்க்கு நீட்டுக.

அரசுக்கு மட்டுமா இது? ரமலானில் ஸக்காத் கொடுத்து, அத்துடன் அந்த வீட்டை மறக்கும் நமக்கும் பொருந்தும். ஷவ்வாலிலும் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமல்லவா?