மரங்காத்தலும் சிவதொண்டே

நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், சூரியன், சந்திரன், ஆன்மா என்னும் எட்டினையும் தம் திருமேனியாகக் கொண்டமையால் சிவபெருமானுக்கு அட்டமூர்த்தி என்னும் திருநாமம் வழங்குகின்றது. நம் ஆலயங்களில் மூர்த்தியோடு தலவிருட்சமும் தீர்த்தமும் போற்றப்படுவதும் இதுபற்றியே. எனினும், தலவிருட்சத்தைக் கும்பிட்ட கையே வீட்டு வளவில் நிற்கும் மரத்தைக் காரணமின்றித் தறிக்குமாயின் அவ்வழிபாடு நிறைவுடையதாகுமா?

இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் சுந்தர்லால் பகுகுணா. இவர் 1927ஆம் ஆண்டு இமயமலைச் சாரலில், தெஹ்ரிக்கு அண்மையிலுள்ள மரோடா கிராமத்திற் பிறந்தவர்; காந்தியடிகளின் வழி நின்றவர். அரசியலைத் துறந்து கிராம மக்களிடையே வாழ்வதானால் மட்டுமே திருமணம் என விமலா அம்மையார் விதித்த நிபந்தனையை ஏற்று, சில்யாராவில் ஆச்சிரமம் அமைத்துத் தொண்டாற்றினார்.

இமயத்துக் காடுகள் வியாபாரத்துக்காக வெட்டப்பட்டபோது மழைநீர் மண்ணை வாரிச் சென்றது. மண்சரிவும் வெள்ளமும் பெருகின. 1974இல் ரேணி கிராமத்துப் பெண்கள் கௌரா தேவியின் தலைமையில் மரங்களைக் காத்து நின்றனர். மரங்களைக் கட்டித் தழுவிக் காக்கும் இவ்வறப்போரே சிப்கோ இயக்கம். அதன் செய்தியைப் பகுகுணா ஊரூராகக் கொண்டு சென்றார். 1981 முதல் 1983 வரை காஷ்மீரிலிருந்து கோகிமா வரை ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் நடந்தார். இமயத்துப் பனிமலைகள் உருகி வருவதையும் எடுத்துரைத்து எச்சரித்தார்.

கங்கையின் மூலநதிகளுள் ஒன்றாகிய பாகீரதியில் தெஹ்ரி அணை எழுந்தபோது அதனை எதிர்த்து நெடுநாள் உண்ணாவிரதம் இருந்தார். ஆயினும் அணை கட்டப்பட்டது. பழைய தெஹ்ரி நகர் நீரில் மூழ்கியது. அப்படியாயின் அவர் தோற்றவரா?

அப்பர் சுவாமிகளை எண்ணிப் பார்ப்போம். ஆலய வீதியிற் செதுக்கிய புல் அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கும். அதனை அறிந்தும் அப்பெருமான் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. பயன் கருதாது செய்வதே தொண்டு. பகுகுணா அவர்களும் அவ்வாறே இறுதிவரை ஓயவில்லை. 2009இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருது வழங்கி அவரைக் கௌரவித்தது. 2021 மே 21ஆம் நாள், தமது 94ஆவது வயதில், கொரோனாத் தொற்றினால் ரிஷிகேசத்தில் இறைவனடி சேர்ந்தார்.

அடியார்களே! இமயம் தூரத்தில் இருக்கலாம். ஆனால் மழை பொய்ப்பதும், பருவம் தவறிப் பெய்வதும், வெயில் கடுமையாவதும் நம் வாசலுக்கும் வந்துவிட்டன. மழைநீர் நிலத்துள் இறங்கினாலன்றிக் கிணறு ஊறாது. மரநிழல் இன்றேல் நிலம் குளிராது. ஆதலால் இம்மகோற்சவ காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் வில்வம், கொன்றை, வேம்பு ஆகியவற்றுள் ஒரு கன்றையேனும் நட்டு, அது வேரூன்றும்வரை நீர் ஊற்றுவதாக எம்பெருமான் சந்நிதியிற் சங்கற்பம் செய்வோமாக. தீர்த்தக் கேணியில் குப்பை சேராது காப்பதும் நம் கடனே. அர்ச்சனைத் தட்டில் வைக்கும் வில்வத்துக்கு ஒரு மரம் வேண்டும். அபிஷேகத்துக்கு நல்ல நீர் வேண்டும். இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது பூசைக்கு நிகரான புண்ணியம்.

திருச்சிற்றம்பலம்.