இடைநிற்பவரின் தர்மம்

தானம் என்றால் கொடுப்பவரும் கொள்பவருமே அதற்கு உரியவர் என்று எண்ணிப் பழகிய நாம், இருவருக்கும் இடையே நிற்கும் மூன்றாமவரைப் பற்றி அதிகம் விசாரித்ததில்லை. தேசம், காலம், பாத்திரம் ஆகிய மூன்றும் பொருந்தக் கொடுப்பதையே கீதை சாத்துவிக தானம் என்கிறது. கடலுக்கு அப்பாலிருந்து கொடுப்பவர் பாத்திரத்தை எவ்வாறு அறிவார்?

1874-இல் டப்ளின் நகரில் வெல்லெஸ்லி பெய்லி தொடங்கிய தொழுநோய் மிஷன், ஆதிமுதலே இந்தியாவில் வேரூன்றியிருந்த வேறு மிஷன்களுக்கு நிதியளித்து அவற்றின் மூலமாகவே பெரும்பாலும் பணிசெய்து வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோடும் அமெரிக்கத் தொழுநோய் மிஷனோடும் அது கைகோத்ததன் பயனாக, 1955-இல் கரிகிரி மருத்துவமனை எழுந்தது. தொழுநோயாளியின் பாதம் தானாக அழுகுவதில்லை, வலியுணர்வை இழந்த பாதம் முள்ளையும் ஆணியையும் அறியாமல் மிதித்து மிதித்தே புண்ணாகிறது என்பதை டாக்டர் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் நிலைநாட்டியது இவ்வட்டாரத்தில்தான். அந்த ஞானத்திலிருந்து பிறந்தது எம்.சி.ஆர். எனப்படும் நுண்ணறை ரப்பராலான செருப்பு. உலகத்தின் கால்களுக்கெல்லாம் காலணி தைத்தனுப்பும் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவே, எந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டியிலும் இடம்பெறாத இந்த மெத்தென்ற ரப்பர்ச் செருப்பில் ஓர் ஆணிகூட அடிக்கலாகாது என்பது, அயல்நாட்டுத் தேவாலயத்தில் உண்டியலில் காசிட்டவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, தைத்தவருக்குத் தெரியும். பணம் வந்த திசைக்கே புண்ணியம் முழுவதையும் வரவு வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகர் பலருடைய சமயமான இஸ்லாம் இவ்விஷயத்தில் தெளிவாகப் பேசியிருக்கிறது. ஜகாத்துக்கு உரியவர்களாக எட்டு வகையினரைக் குறிப்பிடும் குர்ஆன், ஏழைகளுக்கும் வறியவர்களுக்கும் அடுத்தபடியாக, அதைத் திரட்டி நிர்வகிப்பவர்களையே வைக்கிறது. இடைநிற்பவர் கூலி பெறுவது அறத்துக்கு இழுக்கு என்னும் நம் கூச்சம் அங்கே இல்லை.

இடைநிற்பவர் கெடவும் கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. நோயாளியின் முகத்தைவிட நிதியளிப்பவரின் முகத்தையே அதிகம் நோக்கி, அவர் விரும்பும் துயரக் கதைகளாகப் பார்த்து அறிக்கை எழுதும் பழக்கம் எளிதில் தொற்றிவிடுகிறது. அயல்நாட்டு நிதிச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு நிறுவனம் பெற்ற அயல்நாட்டு நிதியை மற்றொன்றுக்கு மாற்றுவதைத் தடைசெய்து, நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்ததற்குப் பின்னே இந்தச் சந்தேகமும் இருந்திருக்கலாம். ஆனால், எந்த வீட்டில் எவருடைய பாதம் மரத்திருக்கிறது என்று பெயர் சொல்லி அறிந்த சிற்றூர்ச் சங்கம், இனி அந்நிதியைத் தொடர்ந்து பெற வேண்டுமானால், மூன்றாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் நற்பணியில் செலவிட்டதாகக் கணக்குக் காட்டித் தானே பதிவு பெற வேண்டும். அவ்வளவு பணம் கையிலிருந்தால் அச்சங்கம் அயலாரிடம் கேட்க வேண்டிய அவசியமே நேர்ந்திராது.