தேர்வென்னும் பிரமாணம்

பத்து வயது நிரம்பாத ஒரு குழந்தையின் முன் அச்சிட்ட வினாத்தாளையும், சிறு வட்டங்கள் வரிசை வரிசையாய் நிறைந்த விடைத்தாளையும், கூராகச் சீவிய பென்சில் ஒன்றையும் வைத்து, குறித்த நேரம் கழிந்ததும் அந்த விடைத்தாளை வாங்கி இயந்திரத்துக்குள் செலுத்தி, அது தரும் எண்ணைக் கொண்டு குழந்தை என்ன கற்றது என்பதையும், அதற்குக் கற்பித்தவர் எத்தகையவர் என்பதையும், அந்தப் பள்ளி நீடிக்கத் தக்கதா என்பதையும் ஒருங்கே நிர்ணயித்துவிடலாம் என்று ஒரு பெரிய தேசம் நம்பியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொது ஆரம்பப் பள்ளிகளில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றிய அந்த நம்பிக்கையைக் கல்வி நிர்வாகிகள் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆயினும் அது நிர்வாகத்தோடு முடிந்துபோகிற விஷயமன்று. ஓர் உயிரைப் பற்றி இன்னோர் உயிர் எதை, எவ்வழியால், எவ்வளவு தூரம் அறியக்கூடும் என்பதும், அறிந்ததைக் கொண்டு பலனும் தண்டனையும் விதிப்பதில் தர்மம் யாது என்பதும் நம் தரிசனங்கள் நெடுங்காலமாக விசாரித்து வந்த வினாக்கள். அந்த விசாரணையின் வெளிச்சத்தில் இதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களின் நல்லெண்ணத்துக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிட வேண்டும். 1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி, ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் டெக்ஸாஸ் மாநிலத்தில் தாம் சிறுவனாய்ப் பயின்ற பழைய பள்ளிக்கூடத்தின் வெளியே மேஜை ஒன்றைப் போட்டு, தமக்கு முதன்முதல் பாடம் சொல்லிக்கொடுத்த முதிய ஆசிரியையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, ஏழைக் குழந்தைகள் பயிலும் பள்ளிகளுக்கு மத்திய சர்க்காரின் பொருளை வழங்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பொருள் போய்ச் சேர்ந்தது. அதனால் கல்வியும் சேர்ந்ததா என்ற கேள்வி நெடுங்காலம் நீடித்தது. 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட, எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடலாகாது என்பதையே தன் பெயராகக் கொண்ட சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை வைக்க வேண்டும் என்றும், அதன் முடிவுகளைக் கறுப்பினத்தார், ஸ்பானிய வம்சத்தார், ஏழைகள், உடற்குறை உடையோர், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்போர் எனத் தனித்தனியே பிரித்து வெளியிட வேண்டும் என்றும் விதித்தது. மொத்தச் சராசரி என்னும் திரைக்குப் பின்னே மறைந்து கிடந்த குழந்தைகளின் நிலை அதனால் வெளிச்சத்துக்கு வந்தது. கண்ணில் படாத துன்பத்துக்குப் பரிகாரம் தேடுவார் இல்லை ஆதலால், இதைப் புண்ணியச் செயல் என்று சொல்ல நான் தயங்கேன். ஆனால் 2013-14-ஆம் கல்வியாண்டுக்குள் ஒவ்வொரு குழந்தையும் தகுதிக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும் என்றும், அந்த இலக்கை நோக்கி ஆண்டுதோறும் முன்னேறாத பள்ளிகள் படிப்படியாய்த் தண்டனைக்கு உள்ளாகி, முடிவில் ஆசிரியர்களை மாற்றவும் நிர்வாகத்தையே கலைத்து அமைக்கவும் நேரிடும் என்றும் அதே சட்டம் கூறிற்று. சங்கடம் அங்கேதான் தொடங்கியது.

மலையில் புகையைக் கண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று அறிவதை அனுமானத்துக்கு உதாரணமாக நியாய சாஸ்திரிகள் எடுத்துக்காட்டுவது யாவரும் அறிந்தது. நெருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை; தெரிகிற புகை அதற்கு ஏதுவாகிறது; புகை உள்ள இடத்திலெல்லாம் நெருப்பு உண்டு என்னும் வியாப்தி, அடுக்களையிலும் பிற இடங்களிலும் கண்டு உறுதியானதாகையால், அந்த ஞானம் பிரமாணமாகிறது. கல்வியும் மறைந்திருக்கும் நெருப்பைப் போன்றதே. ஒரு சிறுமி பின்னங்களின் கூட்டலை உண்மையாகவே உணர்ந்துகொண்டாளா என்பது அவளுடைய உள்ளத்தில் நிகழ்ந்த காரியம். நமக்குத் தெரிவது அவள் இட்ட விடை மட்டுமே. விடையிலிருந்து கல்வியை ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் அதே சாஸ்திரிகள் இன்னொன்றையும் எச்சரித்து வைத்தார்கள். புகையைக் கொண்டு நெருப்பைச் சொல்லலாம். நெருப்பைக் கொண்டு புகையைச் சொல்லலாகாது. ஏனெனில் ஈர விறகு என்னும் உபாதி சேர்ந்தால்தான் நெருப்பு புகையும். நன்கு கற்ற குழந்தையும் காலையில் பட்டினியாய் வந்திருந்தாலோ, இரவெல்லாம் உறங்காதிருந்தாலோ, வினாவின் மொழி அவள் வீட்டு மொழியாய் இல்லாதிருந்தாலோ, கற்றது விடையாக வெளிப்படாமல் போகும். புகை இல்லாமையால் நெருப்பில்லை என்று தீர்ப்பளிப்பவர் அந்தக் குழந்தைக்கு அநீதி இழைக்கிறார்.

மூடுபனியைப் புகையென்று மயங்குவது இதற்கு எதிர்ப்புறத்துப் பிழை. பரீட்சை என்பது பரந்த ஒரு பாடத்திலிருந்து எடுத்த சில வினாக்களின் மாதிரி. அந்தச் சில வினாக்களுக்கு விடை அறிந்தவன் கேளாத மற்றவற்றையும் பெரும்பாலும் அறிந்திருப்பான் என்னும் வியாப்தியே அதற்கு உயிர். டானியல் கோரெட்ஸ் என்னும் அறிஞரும் அவருடைய சகாக்களும் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இந்த வியாப்தி எப்படி முறிகிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது. பெரிய பள்ளி மாவட்டம் ஒன்று ஆண்டுக்கணக்காக நடத்தி வந்த பரீட்சையை விட்டு வேறொரு பரீட்சைக்கு மாறியபோது, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் கணித மதிப்பெண் சட்டென்று தாழ்ந்தது. பின் சில ஆண்டுகளில் புதிய பரீட்சை பழகப் பழக மீண்டும் பழைய உயரத்தை எட்டியது. அப்போது அந்த ஆராய்ச்சியாளர்கள் கைவிடப்பட்ட பழைய பரீட்சையை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அதில் மதிப்பெண் தாழ்ந்து கிடந்தது. குழந்தைகள் பெருமளவில் கற்றது கணிதத்தையன்று, அந்தந்தப் பரீட்சையின் போக்கையே என்பது அதனால் புலனாயிற்று. புகை திரண்டு எழுந்தது. நெருப்பு இருந்த அளவிலேயே இருந்தது.

இது அமெரிக்கருக்கு மட்டும் உரிய குறையன்று. இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டு ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதிகளின்படி, ஆரம்பப் பள்ளியின் மானியம் குழந்தைகளின் வருகையையும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் இன்ஸ்பெக்டர் முன் அவர்கள் பெறும் தேர்ச்சியையும் பொறுத்ததாயிற்று. தாமே ஒரு பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அதைத் தொடக்கமுதலே கடுமையாக எதிர்த்தார். குழந்தைகள் பாடப் புத்தகத்தை முழுதும் மனப்பாடம் செய்து, வாசிப்பது போல ஒப்புவித்தார்கள். எழுத்து அறியாமலே வாசிப்பில் தேறுவது சாத்தியமாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்த முறை நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, ‘பலனுக்கேற்ற மானியம்’ என்ற உருவில் இங்கேயும் ஆரம்பப் பள்ளிகளின் பிழைப்பைப் பரீட்சையோடு பிணைத்திருந்தது. ஓர் எண்ணைக் கொண்டு மனிதர்களுடைய வாழ்வை முடிவு செய்யத் தொடங்கினால், அந்த எண் கெடுவதோடு அது அளக்க வந்த காரியமும் கெடும் என்று 1970-களில் மனோதத்துவ அறிஞர் டொனால்டு காம்ப்பெல் வகுத்துக் கூறிய விதிக்கு அந்த வரலாறு முன்கூட்டியே சாட்சியாய் நிற்கிறது.

அட்லாண்டா நகரத்தில் நேர்ந்தது இந்த விதியின் உச்சம். 2009-ஆம் ஆண்டின் விடைத்தாள்களை இயந்திரங்கள் மறுபடி ஆராய்ந்தபோது, தவறான வட்டத்தை ரப்பரால் அழித்துச் சரியான வட்டத்தை நிரப்பிய சுவடுகள் சில வகுப்புகளில் இயல்புக்கு மாறாக மலிந்திருந்தன. பென்சிலின் கருமை முற்றும் நீங்காமல் மங்கலாய்த் தங்கிவிடுவதால், முன்பு இட்ட விடையும் பின்பு இட்ட விடையும் இயந்திரத்துக்குத் தெரிந்துவிடுகின்றன. 2011-இல் வெளியான ஜார்ஜியா மாநில விசாரணை அறிக்கை, ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44 பள்ளிகளில் மோசடி நடந்தது என்றும், அதில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சம்பந்தப்பட்டார்கள் என்றும் கூறியது. 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. தங்கள் குற்றத்துக்கு அவர்களே பொறுப்பாளிகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனினும் அந்தத் தாள்களில் அழிக்கப்பட்டது எது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு இது தெரியவில்லை என்று ஒரு குழந்தை தன்னை அறியாமலே எழுதிக் கொடுத்திருந்த விண்ணப்பம் அது. அந்தத் தவறான விடையைக் கண்டுதான் யாரேனும் அவளருகே உட்கார்ந்து மறுபடி சொல்லிக்கொடுத்திருக்கக் கூடும். அதைத் துடைத்து அந்த இடத்தில் சரியான விடையைப் பொறித்தவர்கள், உதவி கேட்கும் வாயை அடைத்தார்கள்.

ஏதுவைப் பற்றிய விசாரணை இவ்வளவில் நிற்க, பலனைப் பற்றிய விசாரணைக்கு வருவோம். வினைக் கொள்கையை நிலைநாட்டிய நம் ஆசாரியர்கள் இரண்டு தோஷங்களை எப்போதும் விலக்கி வந்தார்கள். செய்த வினை பலன் தராமல் அழிந்துபோவது கிருதநாசம். செய்யாத வினையின் பலன் வந்து சேர்வது அகிருதாப்பியாகமம். இவ்விரண்டில் ஒன்று புகுந்தாலும் உலகில் நீதிக்கு இடமில்லை என்பது அவர்களுடைய துணிபு. பள்ளிகளின் சராசரி மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் புகழையும் பழியையும் பங்கிடும்போது இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. வீடு நிறையப் புத்தகங்களும், கதை சொல்ல ஓய்வுள்ள தாய் தந்தையரும் வாய்த்த குழந்தைகள் சேரும் பள்ளி, தான் செய்யாததன் புகழை அடைகிறது. வாடகை கொடுக்க முடியாமல் ஆண்டுக்கு இரு முறை வீடு மாறும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்தவனை வாக்கியம் வாசிக்கும் அளவுக்கு ஓராண்டில் உயர்த்திய ஆசிரியையின் உழைப்போ, அவன் இன்னும் கோட்டுக்குக் கீழே நிற்பதால், கணக்கில் ஏறாமலே அழிந்துபோகிறது. போதாக்குறைக்கு, ஆரம்பப் பள்ளியொன்றில் ஒரு வகுப்புக்கு அறுபது எழுபது குழந்தைகளே இருப்பது சாதாரணமாகையால், ஓர் ஆண்டில் வந்து சேர்ந்த பிள்ளைகளின் இயல்பாலேயே சராசரி ஏறியும் இறங்கியும் போகும். அதை யாரோ ஒருவரின் திறமையாகவும் தோல்வியாகவும் கொள்வது காரண காரிய விசாரணைக்கே அடுக்காது.

இவற்றினும் என் மனத்தை வருத்துவது வேறொன்று. டெரெக் நீலும் டயான் ஷான்ஸன்பாக்கும் சிகாகோ நகரத்து ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளின் மதிப்பெண்களை ஆராய்ந்து, தகுதிக் கோட்டை அடிப்படையாகக் கொண்ட பரீட்சைகள் வந்தபின் நடுத்தரத்தில் நின்ற குழந்தைகள் முன்னேறினார்கள் என்றும், எல்லோரினும் பின்தங்கியிருந்தவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை என்றும் கண்டார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. கோட்டை எட்டிப் பிடிக்கப் போகிறவன்மேல் செலவிடும் நேரம் பள்ளியின் கணக்கில் ஏறும். எவ்வளவு முயன்றாலும் இவ்வாண்டு எட்ட முடியாதவன்மேல் செலவிடும் நேரம் ஏறாது. எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது என்று பெயர் சூட்டிய சட்டத்தின் கீழ், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவனே ஆசிரியரின் பார்வையை இழந்தான். மனிதனை எப்போதும் தன்னளவிலேயே ஒரு குறிக்கோளாகக் கருத வேண்டுமேயன்றி, வெறும் சாதனமாகக் கருதலாகாது என்று ஜெர்மானிய தத்துவஞானி காண்ட் போதித்தார். ஆன்மா எந்தப் பிரமாணத்துக்கும் விஷயமாகாத அப்பிரமேயப் பொருள் என்று அத்வைத வேதாந்திகள் கூறினார்கள். எந்த வழியில் பார்த்தாலும், பள்ளியின் பெயரைக் காப்பாற்ற உதவுவானா என்று கேட்டு ஒரு குழந்தையை ஏற்பதும் தள்ளுவதும் அவனுடைய உயிர்த்தன்மையை மறுப்பதேயாகும்.

அப்படியானால் பரீட்சையே வேண்டாமென்று விட்டுவிடலாமா? அது முன்னிருந்த இருளுக்குத் திரும்புவதாகும். பிரான்ஸ் தேசத்தில் 1905-ஆம் ஆண்டு ஆல்பிரட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து, சாதாரண வகுப்பில் கற்க இயலாமல் இடர்ப்படும் குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்கு ஏற்ற கல்வி தருவதற்காகவே தம் அளவுகோலை வகுத்தார். அறிவு கூடாது, குறையாது, பிறப்பிலேயே முடிந்துபோனது என்று வாதித்தவர்களை அவர் வன்மையாகக் கண்டித்தார். அளப்பது உதவுவதற்கே என்பது அவர் உள்ளக் கிடக்கை. அமெரிக்காவிலேயே 1969 முதல் நடந்து வரும் தேசிய மதிப்பீடு ஒன்று உண்டு. நாடெங்கும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்த குழந்தைகள், ஒவ்வொருவரும் வினாத்தொகுதியின் ஒரு பகுதிக்கு மட்டும் விடையளிக்கிறார்கள். எந்தக் குழந்தைக்கும் அதனால் தனி மதிப்பெண் இல்லை. எந்த ஆசிரியருக்கும் அதனால் லாபமோ நஷ்டமோ இல்லை. பற்றற்ற சாட்சியாய் நிற்பதனாலேயே அதன் வாக்கு நம்பத் தக்கதாயிருக்கிறது. 2002-இன் சட்டத்தால் நான்காம் வகுப்புக் கணிதம் உண்மையாகவே ஓரளவு உயர்ந்தது, வாசிப்பு அவ்வாறு உயரவில்லை என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கூற முடிந்தது இந்தச் சாட்சியைக் கொண்டுதான். ஏதுவின்மேல் பலனைக் கட்டாத வரையில் ஏது பொய் சொல்வதில்லை என்பதற்கு இதனினும் நல்ல நிரூபணம் வேண்டுமோ?

2015 டிசம்பரில் வந்த புதிய சட்டம் ஆண்டுப் பரீட்சைகளை அப்படியே வைத்துக்கொண்டு, தண்டிக்கும் அதிகாரத்தின் பெரும்பகுதியை மாநிலங்களிடம் விட்டது. அதனால் சுமை சற்றுக் குறைந்தது, கேள்வி தீர்ந்துவிடவில்லை. செய்கையில் உனக்கு அதிகாரமுண்டு, பலனில் இல்லை என்று கீதை உபதேசித்ததன் உட்பொருளை ஆசிரியத் தொழிலைப்போல் வேறெந்தத் தொழிலும் விளக்காது. பலனிலேயே கண்ணை வைத்தவனுக்குச் செய்கை நழுவிப்போகிறது. செய்கை நழுவிய இடத்தில் பலனும் போலியாகிறது. ஆகவே பரீட்சை நடத்தும் சர்க்காருக்கும் அதை ஏற்கும் பள்ளிக்கும் உரிய தர்மத்தை நான் இவ்வாறு கொள்கிறேன். குழந்தையின் விடைத்தாளை முதலில் படிக்க வேண்டியவர் அவளுடைய ஆசிரியர். படித்தபின் அவர் கேட்க வேண்டியது இந்தக் குழந்தைக்கு நாளைக் காலையில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்பது. குறைந்த எண்ணைக் காட்டிய பள்ளிக்குச் சர்க்கார் முதலில் அனுப்ப வேண்டியது கூடுதல் ஆசிரியர்களையும் புத்தகங்களையும் காலை உணவையும். இவ்வளவும் செய்து, போதிய காலமும் தந்து, அதன் பின்னரும் கற்பிக்க மனமில்லாதவர் எவரேனும் இருந்தால் அவரை நேரில் கண்டு விசாரித்து நீக்குவதற்கு எண்ணின் துணையே வேண்டியதில்லை. பரீட்சையால் பெரியவர்களுக்குக் கடமை பிறக்கலாம். குழந்தைக்கு அதனால் விதி எழுதப்படுவதை எந்தச் சமயமும் எந்தத் தத்துவமும் சம்மதிக்க முடியாது.