எந்த அடியில் போச்சு?

267, 268, 268, 269. டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் கோல்ஃப் போட்டியில் முதல் நான்கு இடங்களைப் பிடித்தவர்கள் நான்கு நாளில் அடித்த அடிகளின் கணக்கு இது. கோல்ஃபில் குறைவாக அடித்தவருக்கே வெற்றி. 267 அடித்த அமெரிக்காவின் நெல்லி கோர்டாவுக்குத் தங்கம். ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 268இல் சமமாக நின்றதால், கூடுதலாக ஆடி வெள்ளி யாருக்கு, வெண்கலம் யாருக்கு என்று தீர்த்துக்கொண்டார்கள். 269 அடித்தவர் பெங்களூரின் அதிதி அசோக். அவர் வெறுங்கையோடு திரும்பினார்.

அன்று 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது என்பதால், இங்கே பால்காரர் வருவதற்கு முன்பே ஆட்டம் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர் சந்தவாசலில் கோல்ஃப் மட்டையைத் தொட்டவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சுற்றுலா போனபோது வேலிக்கு வெளியே நின்று அந்தப் பச்சைப் புல்வெளியைப் பார்த்தவர்கள் சிலர் உண்டு, அவ்வளவுதான். ஆனால் அன்று காலை வேலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்கூட செல்போனில் 'பேர்டி', 'பட்' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்தில் இருந்த ஒரு பெண் மூன்றாம் நாள் முடிவில் இரண்டாம் இடத்தில் நின்றார் என்றால், யாருக்குத்தான் ஆசை வராது?

அதிதி பந்தை வெகுதூரம் அடிப்பவர் அல்ல. ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு வந்த கொரோனா அவர் உடல் வலுவை இன்னும் குறைத்திருந்தது. கோர்டா அடித்த பந்து போய் விழும் இடத்துக்கும் அதிதியின் பந்து விழும் இடத்துக்கும் நடுவே பெரிய தூரம். அந்தத் தூரத்தையெல்லாம் அவர் குழிக்கு அருகே வந்த பிறகு 'பட்' அடியில் ஈடுகட்டினார். கோல்ஃப் குழியின் வாய் அகலம் 10.8 சென்டிமீட்டர். ஒரு டம்ளரின் வாயைவிடக் கொஞ்சம் பெரிது. புல்லின் சரிவைப் படித்து, பந்து எந்தப் பக்கம் வளையும் என்று கணித்து, அதற்கேற்ற விசையில் தட்டிவிட வேண்டும். மட்டைப் பையைச் சுமந்து நடந்தவர் அவருடைய அம்மா மகேஸ்வரி. கடைசி நாளில் இடியும் மழையுமாய் ஆட்டம் நடுவில் நின்று, மறுபடி தொடங்கியது. கடைசிக் குழியில் பேர்டிக்காக, அதாவது அந்தக் குழிக்கு வகுத்த கணக்கைவிட ஓர் அடி குறைவாக முடிப்பதற்காக, அவர் உருட்டிய பந்து உள்ளே போகவில்லை. அது விழுந்திருந்தால் 268. பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் மூன்றாவது ஆளாக அவரும் நின்றிருப்பார்.

அன்று சாயங்காலமே நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். நாடு மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது, திரும்பியதில் தப்பும் இல்லை. என் மனசு மட்டும் அந்தக் கடைசி பட்டிலேயே நின்றது. பந்து விலகிப் போனதும் நானும் எல்லோரையும் போல 'அதில் போச்சு' என்றுதான் நினைத்தேன்.

கோல்ஃப் கணக்கை யோசித்துப் பார்த்தால் 'அதில்' என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. இருநூறு மீட்டருக்கு மேல் பறக்கும் அடியும் ஒன்றுதான், அரை அடி தூரம் உருளும் அடியும் ஒன்றுதான். முதல் நாள் காலை இரண்டாவது குழியில் வீணான அடிக்கும் கடைசி நாள் பதினெட்டாவது குழியில் வீணான அடிக்கும் ஒரே எடை. முதல் நாள் 67, அடுத்து 66, பிறகு 68, 68. இந்த 269இல் எந்த ஒன்றை வேண்டுமானாலும் எடுத்து, இது குறைந்திருந்தால் பதக்கத்துக்கு ஆடியிருப்பார் என்று சொல்லலாம். கடைசி அடியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம் என்றால், நாம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நேரத்தில் என்பதுதான் காரணம்.

இது நமக்குப் பழைய பழக்கம்தான். ரோம் ஒலிம்பிக், 1960, நானூறு மீட்டர். மில்கா சிங் பத்தில் ஒரு நொடி அளவில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். பாதி வழியில் வேகத்தைக் குறைத்துவிட்டேன் என்று அவரே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்ததால்தான் தோற்றார் என்று நாடும் சொன்னது. 1958இல் கார்டிஃபில் காமன்வெல்த் தங்கம் வாங்கியவர், ஆசிய விளையாட்டிலும் தங்கங்கள் குவித்தவர். ஆனாலும் 2021 ஜூனில் அவர் இறந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் அந்தப் பத்தில் ஒரு நொடி முன்வரிசையில் வந்து நின்றது. அறுபது வருஷத்துக்கும் மேலாக ஒரு மனிதர் அதைச் சுமந்திருக்கிறார். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 நொடி. ருமேனியாவின் கோஜோகாரு 55.41. நூறில் ஒரு நொடியில் உஷாவுக்கு வெண்கலம் போயிற்று. அதற்கும் நாம் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம்: கோட்டருகே மார்பை முன்னே நீட்டியிருக்க வேண்டும் என்று. அதே ஓட்டத்தின் மற்ற 54 நொடிகளை யாரும் விசாரித்ததில்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம் என் அக்கா மகள். 2024 ஜூன் 9 அன்று அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதினாள். 200 கேள்வி, 300 மதிப்பெண், கேள்விக்கு ஒன்றரை. தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்திருந்த தேர்வு. ஒரே ஒரு கேள்வியில் அவளுக்கு வாய்ப்புப் போயிற்று.

அந்த வினாத்தாளை இன்னும் வைத்திருக்கிறாள். வட்டங்களைக் கருப்பு பால்பாயின்ட் பேனாவால்தான் நிரப்ப வேண்டும், நிரப்பினால் அழிக்க முடியாது. ஏ, பி, சி, டி தவிர 'விடை தெரியவில்லை' என்பதற்கு இ என்று ஒரு வட்டமும் உண்டு. பி என்று பென்சிலால் லேசாகக் குறித்து வைத்திருந்த ஒரு கேள்விக்கு, கடைசி நேரத்தில் மனசு மாறி சி-யை நிரப்பியிருக்கிறாள். சரியான விடை பி. அந்தப் பக்கம் மட்டும் மூலையில் நைந்து போயிருந்தது. கேள்வியின் மேல் நகத்தை வைத்து, "மாமா, இது ஒண்ணு மட்டும் மாத்தாம விட்டிருந்தா நான் உள்ள இருப்பேன்" என்றாள். "ஒரே கேள்வில போச்சுடா தம்பி" என்று அக்கா பின்னாலிருந்து சொன்னாள். அந்த வார்த்தை அந்த வீட்டில் எத்தனையாவது முறை ஒலித்ததோ!

தாளை வாங்கிப் பார்த்தேன். அவள் தப்பாக விடை எழுதிய கேள்விகள் முப்பதுக்கு மேல் இருந்தன. கணக்கில் கூட்டல் பிழையால் போனவை இருந்தன, படிக்காமல் விட்ட பாடத்திலிருந்து வந்தவை இருந்தன. இவற்றில் எது சரியாகியிருந்தாலும் அவள் உள்ளே இருந்திருப்பாள். அவள் நகம் மட்டும் அந்த ஒன்றிலேயே இருந்தது. அறியாமையால் விட்டதைவிட, கைக்கு வந்து நழுவியதுதான் வலிக்கும்போல.

அவளிடம் அதிதி கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். "அவங்களுக்கு அடுத்த வாரமே வேற போட்டி இருக்கும் மாமா" என்றாள்.

அவள் சொன்னதில் ஞாயம் இருக்கிறது. தொழில்முறை கோல்ஃப், தோற்றவருக்கும் பங்கு வைக்கிற ஆட்டம். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த பிளேயர்ஸ் போட்டியில் நம் அனிர்பன் லாஹிரி ஒரே அடியில் ஆஸ்திரேலியாவின் கேமரன் ஸ்மித்திடம் பட்டத்தை இழந்தார். கடைசிக் குழியில் ஒரு பேர்டி கிடைத்திருந்தால் சமம். ஆனாலும் இரண்டாம் இடத்துக்கு 21.8 லட்சம் டாலர் கிடைத்தது. குரூப் 4இல் ஒரு கேள்வி பின்தங்கியவருக்கும் நூறு கேள்வி பின்தங்கியவருக்கும் கிடைப்பது ஒன்றே. அடுத்த வாரமும் வராது. 2019 செப்டம்பரில் ஒரு குரூப் 4 நடந்தது, அதற்கடுத்தது 2022 ஜூலையில். அந்த மூன்று வருஷத்தில் வயது வரம்பு தாண்டிப் போனவர்கள், கல்யாணமாகிப் புத்தகத்தை மூட்டை கட்டியவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 'தோல்வியே வெற்றிக்கு முதல் படி' என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

நழுவிய இடம் பின்னால் வந்து கூடும் என்றும் உறுதி கிடையாது. லிடியா கோ ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், 2024 பாரிஸில் தங்கம் என்று முடித்தார். அதிதிக்குப் பாரிஸில் பதக்கம் இல்லை. நடுவில் 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் மூன்றாம் நாள் 61 அடித்து ஏழு அடி முன்னிலை பெற்றிருந்தார். கடைசி நாள் 77. தங்கம் தாய்லாந்துக்குப் போனது. ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அந்த வெள்ளி. டோக்கியோவில் பதக்கமில்லாத அவரை நாடு தூக்கிக் கொண்டாடியது, ஹாங்ஜோவில் பதக்கத்தோடு நின்றவரைப் பார்த்து 'ஏழு அடியை விட்டுட்டாரே' என்று உச்சுக்கொட்டியது. ஆடியவர் ஒருவரே. அதே ஆண்டில் அவர் கென்யாவிலும் ஸ்பெயினிலும் ஐரோப்பியத் தொடரின் பட்டங்கள் வென்றது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

போட்டி என்று வைத்தால் ஓரிடத்தில் கோடு கிழித்தாக வேண்டும். மூன்று பதக்கம் என்றால் நான்காமவருக்கு இல்லை. அந்தக் கோட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதை என் அக்கா மகளின் முயற்சி தீர்மானிப்பதில்லை. 2024 குரூப் 4க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பிறகு கூட்டிக் கூட்டி ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. முதல் அறிவிப்பின்படி வெளியே நின்ற பலர் ஒரு கேள்விகூட அதிகம் எழுதாமல் உள்ளே வந்தார்கள். அடுத்த ஆண்டு 2025 ஜூலைத் தேர்வுக்கு முதலில் அறிவித்தது 3,935. அதே படிப்பு, அதே உழைப்பு, இடம் மாறிவிட்ட கோடு. வரப்பை எங்கே போட்டாலும் இரண்டு பக்கமும் மண் ஒன்றுதான் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆளை மதிக்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

அந்த மறதியை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் ஊரில் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஒருவர் இளமையில் போலீஸ் தேர்வுக்குப் போனவர். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடி முடிக்கும் உடம்பு அவருக்கு. உயரம் அரை சென்டிமீட்டர் குறைந்தது. இன்றைக்கு நாலு பையன்களுக்கு வேலை கற்றுத் தருகிறார். பக்கத்துப் படவேடு கோயிலுக்கு ஆடி மாசம் வருகிற வண்டிகள் நின்றுபோனால் ராத்திரியிலும் எழுந்து வந்து சரி செய்கிறார். புதுசாக யாரிடமாவது அவரை அறிமுகப்படுத்தும்போது ஊர் இன்னும் சொல்வது, "ஹைட்டுல போனவரு." அவரும் சிரித்துத் தலையாட்டுகிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. முடிந்த வேலையை விட்டுவிட்டு முடியாமல் போன அரை சென்டிமீட்டரால் ஒரு மனிதரை அடையாளம் காட்டுவது கொடுமை. நாம் அதை அனுதாபம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அதிதி டோக்கியோவில் அந்த நாளிலேயே தெளிவாகப் பேசினார். வேறு எந்தப் போட்டியிலும் நான்காவது வந்தால் மகிழ்ச்சியாக இருந்திருக்கும், ஒலிம்பிக்கில் அப்படி மகிழ முடியவில்லை என்ற கருத்தில் சொன்னார். இருக்கும் வருத்தத்தை வருத்தம் என்று சொல்லிவிட்டு, அதற்கு ஒரு அடியைக் குற்றவாளியாக்காமல் அடுத்த ஆட்டத்துக்குப் போனார். என் அக்கா மகளுக்கும் வருந்த உரிமை உண்டு. 'பரவால்ல விடு' என்று அதை அவளிடமிருந்து பிடுங்க வேண்டாம். அந்த ஒரு கேள்வியின் மேல் வைத்த நகத்தை எடுத்துவிட்டு, இருநூறு கேள்வியையும் பார்க்கச் சொன்னால் போதும். அப்படிப் பார்த்தால் எங்கே படிக்க வேண்டும் என்பதாவது தெரியும். ஒன்றையே பார்த்தால் தன்மேல் வெறுப்பு மட்டும்தான் மிஞ்சும். இப்போது கணக்குப் பகுதியை முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறாள். சாயங்காலம் நூலகத்தில் அவளோடு, பக்கத்து மலையிலிருந்து இறங்கிவந்து தங்கிப் படிக்கும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள்.

அடுத்த குரூப் 4 முடிவு வரும்போது உங்கள் தெருவிலும் ஒரு கேள்வியில் நின்றுபோன பிள்ளை ஒன்று இருக்கும். அதனிடம் 'எத்தனை மார்க்கில் போச்சு' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கணக்கு அதற்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அடுத்து எந்தப் பரீட்சை எழுதுகிறாய், புத்தகம் ஏதாவது வாங்க வேண்டுமா, திருவண்ணாமலைக்குப் பயிற்சிக்குப் போய்வர பஸ் காசு இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது 'ஒரே கேள்வில போச்சே' என்று ஆரம்பித்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.